கர்ப்பத்தில் மார்பகப் புற்று: கீமோவை எப்போது தொடங்குவது?

"பதினாறு வாரம் ஆகிறது. இடது மார்பில் கட்டி. பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. டாக்டர் கீமோ தொடங்கலாம் என்கிறார். மாமியார், முதலில் குழந்தை பிறக்கட்டும் என்கிறார். அம்மா, கலைத்துவிட்டு உன் உயிரைப் பார் என்கிறார். நான் என்ன செய்ய?"

வாரக் கணக்கு மட்டும் மாறும். மற்றபடி இதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் சித்தி மகளுக்கு இரண்டாவது கர்ப்பத்தில் இந்த நிலை வந்தது. முதல் ஸ்கேனிலிருந்து கடைசி கீமோ வரை அவளோடு நானும் அலைந்தேன். அப்போது தொடங்கிய படிப்பும் விசாரிப்பும் இன்னும் நிற்கவில்லை.

கர்ப்ப காலத்தில் புற்று என்பது ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் வருவது. அதில் மார்பகப் புற்றுதான் அதிகம். கர்ப்பத்தில் மார்பு கனத்துக் கட்டி கட்டியாக இருப்பது இயல்பு என்பதால் கண்டுபிடிக்கவே தாமதமாகிவிடுகிறது. என் தங்கைக்கும் முதலில் போன இடத்தில் கையால் தடவிப் பார்த்துவிட்டு "பால் கட்டு, பிரசவத்துக்கு அப்புறம் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் போய்விட்டது. கர்ப்பிணிக்கு மார்பில் அல்ட்ராசவுண்ட் செய்யலாம், ஊசி வைத்துத் திசு எடுக்கலாம், இரண்டாலும் குழந்தைக்கு ஆபத்தில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் கரையாத கட்டி என்றால் கேட்டே வாங்குங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வீட்டில் பேச்சு பெரும்பாலும் "தாயா, பிள்ளையா" என்று தொடங்கும். நான் பார்த்த வரையில் இந்தக் கேள்வி எல்லாரையும் அழ வைக்கிறதே தவிர ஒரு முடிவுக்கும் கொண்டுபோவதில்லை. டாக்டர்கள் பார்ப்பது வேறு விஷயங்களை:

1. இன்று எத்தனையாவது வாரம்?
2. புற்று எந்த வகை, எவ்வளவு வேகம், எத்தனை வாரம் பொறுக்கும்?
3. எந்த மருந்து தேவைப்படுகிறது, அது நஞ்சுக்கொடியைத் தாண்டுமா, நஞ்சுக்கொடியையே கெடுக்குமா?
4. குழந்தை எந்த வாரத்தில் வெளியே வர வேண்டியிருக்கும்?
5. பணம், தூரம், சட்டம்.

மூன்றாவதைத்தான் வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்ற நாலுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

## நஞ்சுக்கொடி எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது

"நஞ்சு விழுந்துருச்சா?" என்று பிரசவ அறை வாசலில் பாட்டிமார்கள் கேட்பார்கள். குழந்தைக்குச் சோறும் காற்றும் கொடுத்த உறுப்புக்குத் தமிழில் நஞ்சு என்று பெயர். நிறைமாதத்தில் அரை கிலோ எடை இருக்கும். அதன் கிளைகள் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து தாயின் ரத்தத்தில் தோய்ந்திருக்கும். அந்தக் கிளைகளின் மேல்தோலை விரித்துப் பார்த்தால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் இருப்பது அந்த மெல்லிய தோல் மட்டும்தான்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை சின்ன மூலக்கூறுகள், அந்தத் தோலுக்குள் புகுந்துவிடக்கூடியவை. ஆனால் தோலில் பம்புகள் இருக்கின்றன. உள்ளே வந்த மருந்தைப் பிடித்துத் தாயின் பக்கமே திருப்பித் தள்ளும் புரதங்கள் அவை. ஒன்றின் பெயர் பி-கிளைக்கோபுரதம். இன்னொன்றுக்கு மார்பகப் புற்று எதிர்ப்புப் புரதம் என்று பெயர். புற்றணு தனக்குள் வரும் கீமோவை வெளியே தள்ளித் தப்பிக்கப் பயன்படுத்துவதைப் பார்த்து வைத்த பெயர் அது. அதே புரதம் நஞ்சுக்கொடியில் ஏராளமாக இருக்கிறது. புற்று தன்னைக் காத்துக்கொள்ளும் கருவியால்தான் குழந்தையும் காக்கப்படுகிறது என்று தெரிந்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர், மனித நஞ்சுக்கொடியை ஒத்த அமைப்புள்ள பபூன் குரங்குகளில் இதை அளந்து பார்த்தார்கள். தாயின் ரத்தத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் குட்டியின் ரத்தத்தில் எவ்வளவு என்பது கணக்கு:

| மருந்து | குட்டியின் ரத்தத்தில் (தோராயமாக) | கர்ப்பத்தில் இடம் |
|---|---|---|
| பாக்லிடாக்சல் | 1.5% | 14 வாரத்துக்குப் பின் தரலாம் |
| எபிரூபிசின் | 4% | 14 வாரத்துக்குப் பின் தரலாம் |
| டாக்ஸோரூபிசின் | 7.5% | 14 வாரத்துக்குப் பின் தரலாம். அனுபவம் அதிகம் |
| சைக்ளோபாஸ்பமைடு (வேலை செய்யும் வடிவம்) | 25% | டாக்ஸோரூபிசினோடு சேர்த்துத் தரப்படுகிறது |
| கார்போபிளாட்டின் | 57% | தேவை இருந்தால் மட்டும். வளர்ச்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும் |
| டிராஸ்டுஸுமாப் | அளவைவிட வழிதான் முக்கியம்; கீழே பார்க்க | பிரசவத்துக்குப் பிறகே |
| மெத்தோட்ரெக்சேட் | கருவையும் நஞ்சுக்கொடியையும் அழிக்கும் | கூடாது |

டிராஸ்டுஸுமாப் கதை வேறு. அது பெரிய மூலக்கூறு, ஓர் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி). தாயின் நோய் எதிர்ப்பைக் குழந்தைக்குக் கொடுப்பதற்காக எதிர்ப்புரதங்களைத் தேடிப்பிடித்துக் கடத்தும் வழி ஒன்று நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அந்த வழியாகவே இதுவும் போய்விடுகிறது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குடநீர் வற்றிவிடலாம். அதனால் ஹெர்-2 பாசிட்டிவ் (இந்த மருந்து தேவைப்படும் புற்று வகை) என்று ரிப்போர்ட்டில் இருந்தால் முடிவே வேறு மாதிரி ஆகிறது. தமாக்சிஃபென் மாத்திரையும் கதிர்வீச்சும்கூடப் பிரசவம் வரை காத்திருக்க வேண்டியவைதான்.

தாண்டுவது ஒரு பக்கம். நஞ்சுக்கொடிக்கே என்ன ஆகிறது என்பது இன்னொரு பக்கம். கீமோ, வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்கும். முதல் மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடியின் அணுக்களைப்போல வேகமாகப் பிரிபவை உடம்பில் குறைவு. குழந்தை சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகும் முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு சிலருக்கு இதே அணுக்களில் புற்று வரும். 1956இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் மின் சியூ லியும் ராய் ஹெர்ட்சும் மெத்தோட்ரெக்சேட்டால் அதைக் குணமாக்கத் தொடங்கினார்கள். கீமோவால் மட்டுமே குணமான முதல் திடக்கட்டிப் புற்று அதுதான். நஞ்சுக்கொடி அணு கீமோவுக்கு எவ்வளவு எளிதில் மடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாதம் ஏற ஏற அந்தப் பிரிதல் தணிகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை. கீமோ வாங்கிய தாய்மார்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்தபோது மரபணுவில் ஆக்ஸிஜனேற்றத்தால் வந்த சேதத்தின் தடயங்களும், அணுக்கள் புதிதாகப் பிரிவது குறைந்திருப்பதும் தெரிந்தன. இதன் பலன் பிறக்கும் எடையில் தெரிகிறது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், கர்ப்பத்தில் புற்று வந்த தாய்மார்களின் குழந்தைகளில் 22% பேர் வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் பிறந்தார்கள். ஒப்பிடப்பட்ட மற்றக் குழந்தைகளில் அது 15.2%. எல்லாம் நஞ்சுக்கொடியால்தான் என்று சொல்லிவிட முடியாது. வாந்தி, சோகை, சாப்பிட முடியாமை, கவலை எல்லாம் சேர்ந்ததுதான் அது.

சரி, இனி நாலு வழிகள்.

## வழி 1: கருவைக் கலைத்துவிட்டுச் சிகிச்சை

முதல் மூன்று மாதத்தில் கீமோ கொடுத்தால் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைகள் வருகின்றன. அந்த நேரத்தில் புற்று ஒரு வாரம்கூடப் பொறுக்காது என்றால், உதாரணமாகத் தீவிர ரத்தப் புற்று என்றால், இந்த வழியை டாக்டரே முன்வைப்பார். கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு உடனே தேவைப்பட்டாலும் அப்படித்தான்.

மார்பகப் புற்றில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருவைக் கலைப்பதால் மட்டும் தாயின் ஆயுள் கூடுவதில்லை. "கலைத்தால்தான் பிழைப்பாய்" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை. சிகிச்சையைத் தொடங்க அது வழிவிடும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் விலை: கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம். ஹார்மோன் வகைப் புற்றென்றால் பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. அடுத்த கர்ப்பம் வராமலே போகலாம். முதல் பிள்ளை இருக்கும் பெண்ணுக்கும் இதுவே முதல் கர்ப்பமான பெண்ணுக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது.

சட்டம்: கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, விதிகளில் சொல்லப்பட்ட பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள் வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்றால் வார வரம்பு தடையாகாது. முடிவு அந்தப் பெண்ணுடையது. கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

## வழி 2: கர்ப்பத்திலேயே கீமோ

என் தங்கை போன வழி இது. 19 வாரத்தில் புற்று என்று தெரிந்தது. 20இல் அறுவை சிகிச்சை. 23, 26, 29, 32 வாரங்களில் டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும்.

டாக்ஸோரூபிசின் பார்க்கவே ரோஸ்மில்க்கைத் தண்ணீராக்கியதுபோலச் சிவப்பாக இருக்கும். குழாயில் அது இறங்கி அவள் கையை நெருங்கியபோது, இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "அக்கா, இது பாப்பாவுக்கும் போகுமா?" என்று கேட்டாள். "கொஞ்சம் போகும். நூற்றில் ஏழெட்டுப் பங்கு இருக்கலாம்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் தலையாட்டினாள். சிறிது நேரத்தில் வயிறு அசைந்தது. அவளே என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

14 வாரத்துக்குப் பிறகு கீமோ தொடங்கினால் பிறவிக் குறைகள் பொதுவாக எல்லாக் கர்ப்பத்திலும் இருக்கும் அளவிலேயே, சுமார் 3% என்ற அளவில், இருக்கின்றன. அதே 2015 ஆய்வு 129 குழந்தைகளைச் சராசரியாக இரண்டு வயதை ஒட்டிச் சோதித்தது. மூளை வளர்ச்சியிலும் இதயத்திலும் மற்றக் குழந்தைகளோடு வித்தியாசம் தெரியவில்லை. பயத்தில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

மறைந்திருக்கும் விலைகள் உண்டு. 20 ஆண்டுகளில் 1170 பெண்களைத் தொகுத்துப் பார்த்த 2018 ஆய்வில், பிளாட்டினம் வகை மருந்து (கார்போபிளாட்டின் போன்றவை) வாங்கியவர்களுக்கு எடை குறைந்த குழந்தை அதிகம், டாக்சேன் வகை (பாக்லிடாக்சல் போன்றவை) வாங்கியவர்களின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது அதிகம் என்று தெரிந்தது. அதனால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும், தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி களைத்துப்போகிறதா என்பதை எடைக்கு முன்பே டாப்ளர் காட்டிவிடும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பேருந்து, ஒரு நாள் கூலி, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று போகும் செலவை யாரும் முதலில் சொல்வதில்லை.

வாந்தி மருந்தில் ஒரு நுணுக்கம். கீமோவோடு வழக்கமாகத் தருவது டெக்ஸாமெத்தசோன். அது நஞ்சுக்கொடியை அப்படியே தாண்டிவிடும். பிரெட்னிசொலோனை நஞ்சுக்கொடியில் இருக்கும் நொதி பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தர வேண்டியிருப்பதால் இரண்டாவது வகையை டாக்டர்கள் விரும்புகிறார்கள். எங்களுக்கு முதல் சுற்றில் இது தெரியாது. இரண்டாவது சுற்றில் கேட்டோம், மாற்றிக் கொடுத்தார்கள்.

கடைசி கீமோவுக்கும் பிரசவத்துக்கும் மூன்று வாரம் இடைவெளி வேண்டும், 35 வாரத்துக்குப் பிறகு தரக்கூடாது. இரண்டு காரணம். தாயின் வெள்ளையணுக்கள் திரும்பி ஏறினால்தான் பிரசவத்தில் கிருமி தொற்றாது. இன்னொன்று, குழந்தைக்குள் போன மருந்தைத் திரும்ப எடுத்துத் தாயிடம் கொடுத்துக் கழுவும் வேலையையும் நஞ்சுக்கொடிதான் செய்கிறது. பிறந்தவுடன் கொடி அறுந்துவிடும். அந்தப் பிஞ்சுக் கல்லீரலும் சிறுநீரகமும் தனியாக அதைச் சமாளிக்க முடியாது.

யாருக்கு ஏற்றது: 14 முதல் 32 வாரம் வரையில் இருக்கும், கீமோ கட்டாயம் தேவைப்படும் பெரும்பாலான மார்பகப் புற்றுப் பெண்களுக்கு. மகப்பேறு டாக்டரும் புற்று டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஆஸ்பத்திரியாக இருப்பது முக்கியம்.

## வழி 3: பிரசவம் வரை காத்திருப்பது

நஞ்சுக்கொடிக்கும் குழந்தைக்கும் மருந்தே போகாது என்பதால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி தரும் வழி. ஆனால் அந்த நிம்மதிக்கு விலை கொடுப்பது தாய்.

புற்று அறுவை சிகிச்சை நாலு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8% வரை கூடுகிறது என்று 2020இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே "பால் கட்டு" என்று வாரங்கள் போயிருக்கும். அதன்மேல் இன்னும் ஐந்து மாதம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாவது வாரத்தில் இருப்பவர் பதினாலாவது வாரம் வரை கீமோவைத் தள்ளிவைத்து, அதற்குள் அறுவை சிகிச்சையை முடித்துக்கொள்வது நல்ல திட்டம். 34 வாரத்தில் தெரிந்தால் பிரசவத்துக்கு மூன்று வாரம் பொறுப்பதும் அப்படித்தான். 18 வாரத்தில் தெரிந்துவிட்டு 38 வரை சும்மா இருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## வழி 4: முன்கூட்டியே பிரசவம், பிறகு கீமோ

"குழந்தையை மருந்திலிருந்து காப்பாற்றுவோம்" என்று 30, 31 வாரத்தில் வெளியே எடுத்துவிடச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாலு வழிகளில் குழந்தைக்குப் பெரும்பாலும் அதிகம் இழப்பு தருவது இதுதான் என்பது என் எண்ணம். 2015 ஆய்வில் குழந்தைகளின் மூளை வளர்ச்சி மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது பிறந்த வாரம். வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் சராசரியாக 2.9 புள்ளி கூடியது. அந்தக் குழந்தைகளில் 61% பேர் குறைமாதத்தில் பிறந்தவர்கள். அவற்றில் பலவும் திட்டமிட்டே முன்னால் எடுக்கப்பட்டவை.

இன்குபேட்டர், மூச்சுக் குழாய், கண் பரிசோதனை, நாளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. தாய் கீமோவில் இருப்பதால் பாலும் கொடுக்க முடியாது. பச்சைக் குழந்தை ஒரு மாடியில், தாய் இன்னொரு மாடியில்.

இந்த வழியே சரி என்ற நேரங்களும் இருக்கின்றன. டாப்ளரில் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் கெட்டு, வளர்ச்சி நின்றுவிட்டால் குழந்தைக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே பாதுகாப்பு. ரத்த அழுத்தம் கைமீறினாலும் அப்படியே. தாய்க்கு டிராஸ்டுஸுமாப் போல இனித் தள்ள முடியாத மருந்து தேவைப்பட்டாலும் யோசிக்கலாம். அப்போதும் நுரையீரல் முதிர ஊசி போட்டு, எத்தனை நாள் இழுக்க முடியுமோ அத்தனை நாள் இழுப்பார்கள்.

## பணத்தைப் பற்றி

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வருகிறது. புற்றுச் சிகிச்சையும் குழந்தையின் தீவிர சிகிச்சையும் அதே அட்டையிலிருந்துதான் போகும் என்பதை முதலிலேயே காப்பீட்டு மேசையில் பேசிவிடுங்கள். மகப்பேறு உதவித்தொகைக்குப் பதிந்திருந்தால் அதையும் விடவேண்டாம். அந்தத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கியவர். தங்கையின் இரண்டு ஃபைல்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

## டாக்டரிடம் கேட்க வேண்டியவை

இந்த மருந்து எந்த அளவு குழந்தைக்குப் போகும்? குறைவாகத் தாண்டும் மருந்து இதே பலனுக்கு உண்டா? ஹெர்-2 ரிப்போர்ட் வந்துவிட்டதா? கடைசிச் சுற்று எந்த வாரம், பிரசவம் எந்த வாரம்? 37ஐத் தொட முடியுமா, முடியாதென்றால் ஏன்? வளர்ச்சி ஸ்கேனை யார் பார்ப்பார், புற்று டாக்டருக்கு யார் சொல்வார்?

கடைசியாக ஒன்று: பிரசவமானதும் நஞ்சுக்கொடியை நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்று அதில் பரவுவது மிக அரிது, இருந்தாலும் பார்த்துவிடுவது வழக்கம்.

எங்கள் வீட்டில் தங்கையின் மாமியார் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைக்க ஆசைப்பட்டார். 37 வாரம் முடிந்து, 2.4 கிலோவில் பெண் குழந்தை. நர்ஸ் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஃபார்மலின் ஊற்றி அதை வைத்திருந்தார். "தர மாட்டீங்களாம்மா?" என்று அத்தை கேட்டார். "ரிப்போர்ட் வரணும் பாட்டி" என்றார் நர்ஸ். அத்தை கொஞ்ச நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குழந்தையைப் பார்க்கப் போனார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. இரண்டு இடத்தில் ரத்தம் போகாமல் வெளுத்த சின்னத் திட்டுகள், புற்றணுக்கள் இல்லை. மறுநாள் தங்கைக்கு அடுத்த மருந்து, பாக்லிடாக்சல், தொடங்கினார்கள்.